சொதிக்கு எந்த ஜாஸ்

மணி ஆறரை. எட்டுக்கு அண்ணன் வர்றாரு. எட்டுன்னா எட்டுதான், எட்டு அஞ்சு கிடையாது. மின்வாரியத்துல முப்பத்தி நாலு வருஷம் இருந்தவரு, கரண்டு நேரத்துக்கு வராம இருக்கலாம், ஆறுமுகநயினார் வராம இருக்க மாட்டாரு. வீட்ல எல்லா வேலையும் முடிஞ்சாச்சு. என் பொண்டாட்டி வடிவு மூணு தேங்காயைத் துருவி முதப்பால், ரெண்டாம்பால், மூணாம்பால்னு தனித்தனியாப் பிழிஞ்சு மூடி வச்சிருக்கா, இஞ்சிப் பச்சடி இறக்கியாச்சு, உருளைக்கிழங்கு அடுப்புல சுண்டிட்டிருக்கு, பாசிப்பருப்பு வெந்த வாசனை ஹால் வரைக்கும் வந்து உக்காந்திருக்கு. எனக்குன்னு விட்டிருக்கிறது ஒரே ஒரு வேலைதான். சாப்பிடும்போது என்ன பாட்டு போடுறதுங்கிறது. இருபத்தாறு வருஷம் பெரிய ஹோட்டல்ல ரெஸ்டாரண்ட் மேனேஜரா இருந்து, ஒரு நாளைக்கு முந்நூறு பேருக்குப் பாட்டுப் போட்டுச் சோறு போட்டவன், இன்னிக்கு ஒரே ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு எடுக்கத் தெரியாம சிடி டப்பாவை மடியில வச்சுக்கிட்டு சோபாவுல உக்காந்திருக்கேன். சிரிப்புத்தான் வருது. பயமும் வருது, ஆனா நல்ல பயம், பரீட்சைக்குப் படிச்சிட்டுப் போற பயம் மாதிரி. ஒன்பது வருஷம் என் வீட்டு வாசப்படி மிதிக்காத மனுஷன். வருஷா வருஷம் மார்கழிக் கச்சேரிக்கு மெட்ராஸ் வருவாரு, நாலு தெரு தள்ளி மைனியோட, அதான் எங்க அண்ணியோட, தம்பி வீட்ல தங்குவாரு, பதினஞ்சு நாள் இருபது கச்சேரி கேட்டுட்டு அப்படியே ரயிலேறிருவாரு. இந்த வருஷம் திடீர்னு வடிவுக்குப் போன் பண்ணி, எனக்கில்ல, வடிவுக்கு, "ஏம்மா, சொதி வைப்பியா"ன்னு கேட்டிருக்காரு. வடிவு சந்தோஷத்துல அழுதுட்டா. அது எங்க ஊருல கல்யாணத்து மறுநா மத்தியானம் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொதியான்னு நான் கேட்டதுக்கு, "பெரியத்தான் வாய் தொறந்து கேட்டிருக்காக, விடிகாலை மூணு மணின்னாலும் வைப்பேன்"னுட்டா. கூடவே இன்னொன்னும் சொல்லிருக்காரு: "சாப்ட்டவொடனே கெளம்பிருவேன், உக்காந்து பேசல்லாம் நேரமில்ல." அதுதான் எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்குது. சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும் ஒரு மனுஷனுக்கு. இருபது நிமிஷம். அந்த இருபதை எப்படியாவது ஒரு மணி நேரம் ஆக்கணும், அதுக்குள்ள நான் ஒரு வார்த்தை சொல்லணும்.

பாட்டே போடாம விட்டா என்னன்னு வடிவு கேட்டா. அவளுக்கென்ன தெரியும். ஒன்பது வருஷம் பேசாத ரெண்டு பேரு எதிரெதிர உக்காந்து அப்பளம் கடிச்சா அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்த்தேன், வேண்டவே வேண்டாம். சத்தமில்லாத டேபிள்லதான் பழசெல்லாம் கிளம்பும், அது எங்க தொழில்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். சரி, கர்நாடக சங்கீதம்? வேற வினையே வேண்டாம். அண்ணன் கை இருக்கே, அது அவரு கை இல்ல, தாளத்தோட கை. சின்ன வயசுல ரேடியோவுல கச்சேரி வந்தா சாப்பாட்டு நேரம்னுகூடப் பார்க்க மாட்டாரு, சோத்துக் கையாலேயே தொடையில தாளம், அப்பாவுக்குச் சட்டையில ரசம், எனக்குக் கண்ணுல சாம்பாரு. அம்மா கரண்டியைத் தூக்கிக்கிட்டு வந்து ரேடியோ தலையில ஒரு போடு. சொதி வேற தண்ணியா ஓடும், ஆதிதாளத்துக்கு ஒரு வீச்சு வீசினா எங்க வீட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிக்கணும். அதுவும் போகட்டும், தொடைச்சுக்கலாம். பாட்டு ஆரம்பிச்ச அரை நிமிஷத்துல "என்ன ராகம்லே?"ன்னு கேப்பாரு. நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போதுலேர்ந்து கேக்கிற கேள்வி அது. ஏதாவது ஒன்னு சொல்லுவேன், அது தப்பா இருக்கும், அவரு தலையில அடிச்சிக்குவாரு, போச்சு, பழைய கணக்குக்கு வந்துருவோம். தேவாரம் போட்டா கண்ணை மூடிருவாரு, இலையில கை வைக்க மாட்டாரு. சினிமாப் பாட்டு? ஐயையோ. எந்தக் காலத்துப் பாட்டு நல்ல பாட்டுன்னு எங்க வீட்ல நடந்த சண்டையில ஒரு ஸ்டூல் உடைஞ்சிருக்கு. நாதஸ்வரத்தை நினைக்கவே வேண்டாம், அதை நினைச்சா எனக்கே சோறு எறங்காது. இப்படி ஒன்னொன்னாத் தள்ளிப் பார்த்தா, இந்தக் குடும்பத்துல யாருக்கும் எந்த அபிப்பிராயமும் இல்லாத பாட்டு ஒன்னே ஒன்னுதான். ஜாஸ். நல்லதுன்னும் தெரியாது, கெட்டதுன்னும் தெரியாது, ராகம் கேக்க முடியாது, தாளம் பிடிபடாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முட்டாளா உக்காந்து கேக்கலாம். அதுல ஒரு சமாதானம் இருக்கு பாருங்க.

இந்த டப்பா ஹோட்டல்ல குடுத்தது. எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினப்போ பழைய சிடிங்களைத் தூக்கிப் போடப் போனாங்க, நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். மொத்தம் இருபத்தி ரெண்டு. வாசிச்சவன் பேரு ஒன்னுகூட எனக்குத் தெரியாது, சொன்னா வெக்கக்கேடு. அட்டையெல்லாம் எப்பவோ கிழிஞ்சுபோச்சு, வெள்ளைக் காகித உறையில நானே பேனாவால எழுதி வச்சிருக்கேன். "மழை நாள்." "கூட்டம் கம்மி." "கல்யாண நாள் ஜோடி." "சூப் வர லேட்." "பில் குடு." இதுதான் என் ஜாஸ். மத்தவங்களுக்கு அது சங்கீதம், எனக்கு அது வேலை. ஏழரை மணிக்கு வர்றவங்களுக்கு மெதுவாப் போடணும், பியானோ மட்டும், நடுவுல பெரிய பெரிய இடைவெளி விட்டு வாசிக்கிறது. அப்பத்தான் மெனுவை நிதானமாப் பார்ப்பாங்க, இன்னொரு ஐட்டம் சொல்லுவாங்க, டெஸர்ட் வரைக்கும் போவாங்க. ஒன்பது மணிக்கு வெளியில வரிசை நின்னா டிரம்ஸ் போடணும், டகடகன்னு. ஜனங்களுக்கே தெரியாது, வாய் தானா வேகம் பிடிக்கும். அரை மணி நேரத்துல நாலு டேபிள் எந்திரிச்சிரும். யாரையும் யாரும் போகச் சொன்னதில்ல, நாப்கினால வாயைத் துடைச்சிக்கிட்டு "தேங்க் யூ லிங்கம்"னு அவங்களா சிரிச்சிக்கிட்டுப் போவாங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு கஸ்டமரும் என்னைத் திட்டினதில்ல. என் கண்ணு பாட்டுலயே இருக்காது, தாடையில இருக்கும். தாடை எத்தனை தடவை ஆடுதுன்னு பார்த்தே அடுத்து எந்த சிடின்னு சொல்லிருவேன். கெட்டிக்காரத்தனம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதையேதான் அன்னிக்குப் பாளையங்கோட்டையிலயும் காட்டினேன்.

நினைக்கக் கூடாது, ஆனா இன்னிக்கு நினைக்காம எப்படி. அண்ணன் மகன் கல்யாணம். வேலாண்டிக் கம்பரோட நாதஸ்வரம். அவரு கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிறதையே விட்டுட்டவரு, அண்ணன் ஒரு வருஷம் நடையா நடந்து, அவரு வீட்டு வாசல்ல உக்காந்து, கெஞ்சிக் கூட்டிட்டு வந்தாரு. மகன் கல்யாணத்தைவிட கம்பர் வாசிக்கிறதுதான் அண்ணனுக்குப் பெருசு, மைனியே சொல்லுவாக. பந்தி என் பொறுப்பு. "லிங்கம் இருக்கான், ஹோட்டல்காரன், பாத்துக்கிடுவான்"னு அண்ணன் எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. தாலி கட்டியாச்சு. முதப் பந்தி உக்காந்தாச்சு. கம்பர் மணவடை மேடைக்கு முன்னால உக்காந்து ராகத்தை எடுத்தாரு பாருங்க, சாப்பாட்டுக்கூடம் வரைக்கும் அது மெல்ல வந்து நிறைஞ்சுது. அப்ப நான் என்ன பண்ணினேன்? தாடையைப் பார்த்தேன். ஒருத்தர் தாடையும் ஆடல. முந்நூறு பேரும் சோத்துல கையை வச்சுக்கிட்டு வாயைத் தொறந்து கேட்டுக்கிட்டிருக்காங்க. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலயும் ரெண்டாம் பந்திக்கு ஆள் நிக்குது, குழந்தைங்க அழுவுது, சக்கரைக்காரப் பெரியவங்க மணியைப் பார்க்கிறாங்க, சமையல்காரர் சோறு ஆறிப்போச்சுன்னு கத்துறாரு. எனக்குக் கை கால் ஓடல. நேரா கம்பர்ட்ட போய் குனிஞ்சு, ஆமா, கும்பிட்டுத்தான் சொன்னேன், "ஐயா, கொஞ்சம் வேகமா ஏதாவது வாசிங்க, முதப் பந்தி எந்திரிக்க மாட்டேங்குது." அவரு வாசிப்பை நிறுத்தினாரு. என்னையே பார்த்தாரு. சீவாளியைக் கழட்டித் துடைச்சாரு, நாதஸ்வரத்தை உறையில போட்டாரு, "எல்லாரும் நல்லாச் சாப்பிடட்டும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தாம்பூலம்கூட வாங்கல. அண்ணன் ஓடி வந்தாரு. நான் விளக்கம் வேற சொன்னேன், என் நாக்கை அறுக்க: "எங்க ஹோட்டல்ல அப்படித்தான் அண்ணே, மெதுவாப் போட்டா உக்காருவாங்க, வேகமாப் போட்டா எந்திரிச்சிருவாங்க." அவரு முகம் செத்துப்போச்சு. சம்பந்தி வீட்டாரு, ஊரு, எல்லாரும் நிக்க, "நீ சோத்துக்கடைக்காரன்தாம்லே. ஒனக்குப் பாட்டுன்னா சோத்தத் தள்ளுத கரண்டி"ன்னாரு. அதுதான் கடைசி.

கம்பர்ட்ட மறுமாசமே போயிட்டேன். அவரு சிரிச்சாரு, காப்பி குடுத்தாரு, "பசிச்சவன் நிக்கும்போது நானும் நீட்டிருக்கக் கூடாது தம்பி"ன்னு சொல்லி அனுப்பினாரு, அவரு பெரிய மனுஷன். அண்ணன்ட்ட மட்டும் போகல. ஏன் போகலன்னு ஒன்பது வருஷமா வடிவு கேக்கிறா. தப்பு என்னோடதுதான், அது எனக்கே தெரியும், ஆனா அந்த வார்த்தை இருக்கே. சோத்துக்கடைக்காரன்னதுகூடப் பரவாயில்ல, சோத்துக்கடைதான் எனக்கும் என் மகளுக்கும் சோறு போட்டுது, அதுல என்ன கேவலம். அந்தக் கரண்டிதான் குத்துது. ஏன்னா அது பொய்யுன்னு என்னால சொல்ல முடியல. இருபத்தி ரெண்டு சிடி வச்சிருக்கேன், ஒன்னையாவது நான் கேட்டிருக்கேனா? தாடை இல்லாம, டேபிள் நம்பர் இல்லாம, சும்மா? இப்ப ஹோட்டல் பாட்டையே அவருக்குப் போட்டா, "பாத்தியா, கரண்டியத் தூக்கிட்டு வந்துட்டான்"னு நினைப்பாரே. நினைச்சா நினைக்கட்டும். வேற பாட்டு எங்கிட்ட இல்ல. இருக்கிறதைத்தானே போட முடியும். இல்ல, பேசாம டிவியில நியூஸ் வச்சிரலாமா. சீ, நியூஸ் பார்த்துக்கிட்டே சாப்பிட அவரு லாட்ஜ்லயா தங்கிருக்காரு. "ஏங்க, இன்னுமா தேடுதீக? நான் சொதிக்குக் காய் வேகவச்சு ரெண்டாம்பாலும் ஊத்தியாச்சு, ஒங்களுக்கு ஒரு பாட்டு சிக்கலியா?" வடிவு குரல். "வந்துட்டேன், வந்துட்டேன்." எங்க வந்துட்டேன், இருந்த எடத்துலயேதான் இருக்கேன். மணி ஏழு பத்து.

போட்டுத்தான் பார்ப்போம். "மழை நாள்" எடுத்தேன். சாக்ஸபோன், மூக்கடைச்ச மாதிரி அழுவுது, கல்யாண நாள் கொண்டாட வந்து பாதியில சண்டை போட்ட ஜோடிங்கதான் ஞாபகம் வருது, வேண்டாம். "சூப் வர லேட்", அது சும்மா தட்டிக்கிட்டே இருக்கும், ஒன்னும் நடக்காது, எனக்கே கோவம் வருது, அந்த சூப் வரவே வராது. ஒரு பொம்பளைப் பாட்டு, நல்லாத்தான் பாடுது, ஆனா பாட்டுல வார்த்தை இருந்தா அண்ணன் அர்த்தம் கேப்பாரு, எனக்கெங்க தெரியும் அர்த்தம், "ஒயின் இன்னொரு பாட்டில் சொல்லு"ன்னு அர்த்தம்னுதான் சொல்லத் தெரியும். "பில் குடு" எதுக்கும் ஒருதரம் போட்டுப் பார்த்தேன். அடேயப்பா. டிரம்ஸ்காரன் பேய் பிடிச்ச மாதிரி அடிக்கிறான், ட்ரம்பெட் அவனைத் துரத்துது, பியானோ ரெண்டு பேரையும் விலக்கிவிட வந்து நடுவுல மாட்டிக்குது. கேட்டுக்கிட்டே உருளைக்கிழங்கு வதங்குற வாசனையில அப்படியே நின்னுட்டேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. திடீர்னுதான் உறைச்சுது, ஏ, இவங்க ஆளைத் துரத்த வாசிக்கலியே. இவங்க பாட்டுக்குச் சிரிச்சுச் சிரிச்சு விளையாடிக்கிட்டு இருக்காங்க. நான்தான் இத்தனை வருஷம் அந்த விளையாட்டை வச்சு ஜனங்களை வாசலுக்குத் தள்ளியிருக்கேன். ஒரே ஒரு தடவை, மத்தியானம் மூணு மணி, ஹோட்டல் காலி, பசங்க ஸ்பூன் துடைச்சிக்கிட்டிருந்தானுங்க, நான் கூஜாவுல தண்ணி பிடிச்சிக்கிட்டே ஏதோ ஒரு பாட்டுல நின்னுபோயி கூஜா நிறைஞ்சு வழிஞ்சு ஷூ நனைஞ்சுபோச்சு. யார்ட்டயும் சொன்னதில்ல. மேனேஜர் ஷூவுக்குள்ள தண்ணியோட நடந்தா பசங்க சிரிப்பானுங்களேன்னு அப்படியே ஈரத்தோட டூட்டி பார்த்தேன். அதை அண்ணன்ட்ட சொல்லணும்போல இருக்கு. அண்ணே, ஒரு தடவை எனக்கும் நிறைஞ்சு வழிஞ்சுது அண்ணே. எப்படிச் சொல்றது, சொன்னா பைத்தியம்பாரு.

கடைசியில "கல்யாண நாள் ஜோடி"தான். அதுல சந்தேகமே இல்ல. பியானோ ஒன்னு, பின்னால பெரிய வயலின் மாதிரி ஒன்னை விரலால தடவுறான், ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவுல நீங்க ஒரு வாய் சோறு பிசைஞ்சு எடுத்து மென்னு முழுங்கிட்டு ஒரு வாய் தண்ணியும் குடிக்கலாம். இதைப் போட்டா ஒரு டேபிளும் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால எந்திரிச்சதில்ல. அண்ணனை ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கலாம். கரண்டிதான், ஒத்துக்கிறேன், இந்தத் தடவை வெளியே தள்ளுறதுக்கில்ல, உள்ள இழுத்து வைக்கிறதுக்கு. மனசு லேசாயிருச்சு. உறையிலிருந்து அதை எடுத்து, சட்டையில துடைச்சு, பிளேயர் மேல வச்சேன், உள்ள இருக்கிற "பில் குடு"வை எடுத்துட்டு இதைப் போடணும்னு. வேட்டி மாத்தினேன். இலையைக் கழுவினேன். தண்ணி வச்சேன். வடிவு முதப்பாலை ஊத்தி, கொதிக்கவிடாம இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சா. அந்த மணம் இருக்கே, எங்க வீட்டுக் கல்யாணம் அத்தனையும் அதுக்குள்ள இருக்கு, மறுவீட்டு விருந்துக்கு உக்காந்த மாதிரி ஆயிருச்சு. சின்ன வயசுலேர்ந்து இந்த மணத்துக்கு வாய் ஊறாம இருந்ததில்ல, இன்னிக்கும் ஊறுது, பயத்துலயும் ஊறுது. பெல் அடிச்சுது. சரியா எட்டு.

கதவைத் தொறந்தேன். தலை பூரா வெளுத்துப்போச்சு அண்ணனுக்கு. கண்ணாடி தடிமன் கூடியிருக்கு. குடையை என் கையில குடுத்தாரு, என்னைப் பார்க்காம, ஆனா என் கையிலதான் குடுத்தாரு, சுவத்துல சாத்தி வைக்கல. "வடிவு, நல்லாருக்கியாம்மா." "நல்லாருக்கேன் பெரியத்தான், மைனி வரலியா?" "அவ பேத்தியப் பாத்துக்கிட்டு அங்கனயே இருக்கா." கை கழுவினாரு, துண்டு குடுத்தேன், வாங்கித் துடைச்சாரு, நேரா வந்து மேஜையில உக்காந்துட்டாரு. நான் பழக்கதோஷம், அவரு நாற்காலிக்குப் பின்னால போய் நின்னுட்டேன், கையைக் கட்டிக்கிட்டு. அவரு வடிவைப் பார்த்துச் சொன்னாரு, "அவனையும் உக்காரச் சொல்லும்மா. பின்னால ஆளு நின்னா எனக்குச் சோறு எறங்காது." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எதிரே உக்காரப் போனவன் பாட்டு ஞாபகம் வந்து ஓடிப்போய் பிளேயர் பொத்தானை அழுத்திட்டு வந்து உக்காந்தேன். வடிவு ரெண்டு இலையிலயும் சோறு வச்சா, சொதி ஊத்தினா, பச்சடி வச்சா, உருளைக்கிழங்கு வச்சா, அப்பளம் பொரிக்க உள்ள போயிட்டா. பிசைஞ்சோம். பாட்டு ஆரம்பிச்சுது.

டகடகடகன்னு டிரம்ஸ். என் வாயில சோறு அப்படியே நின்னுபோச்சு. "பில் குடு." பாவி, நான் மாத்தவே இல்ல. "கல்யாண நாள் ஜோடி" பிளேயர் மேலேயே மல்லாந்து படுத்துக்கிட்டு எங்களை வேடிக்கை பார்க்குது, உள்ள பழைய பேய் சுத்துது. எட்டடி தூரம். எந்திரிச்சுப் போய் நிறுத்தலாம். எப்படி எந்திரிக்கிறது? சோத்துக்கை முழங்கை வரைக்கும் சொதி, மூத்தவரு இலையில கை வச்சிருக்கும்போது பாதிப் பந்தியில எந்திரிக்கிறதா, அதுவும் நான், அதுவும் அவருக்கு முன்னால? பந்தியிலேர்ந்து ஆளைக் கிளப்பினவன்னு பேரு எடுத்தவன் இப்ப நானே கிளம்புறதா? வடிவைக் கூப்பிடலாம்னு வாயைத் தொறந்தா அடுப்படியில எண்ணெய் சத்தம், அதுக்கு மேல ட்ரம்பெட். தாடையைப் பார்த்தேன், பார்க்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன், பார்த்துட்டேன். அண்ணன் தாடை வேகம் பிடிக்குது. பாதிச் சோறு போச்சு. அப்பப்பா, இப்படியே போனா பத்து நிமிஷம், கையைக் கழுவிட்டு, குடையை வாங்கிட்டு, சாகுறவரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டாரு. திடீர்னு அவரு கை நின்னுச்சு. கட்டைவிரல் மத்த விரலைத் தொட ஆரம்பிச்சுது. எண்ணுறாரு. டிரம்ஸ்காரனைப் பிடிக்கப் பார்க்கிறாரு. ஒரு சுத்து எண்ணி வந்தாரு, அவன் நழுவிட்டான். மறுபடியும் முதல்லேர்ந்து. புருவம் நெரிஞ்சுபோச்சு. மறுபடியும் நழுவிட்டான். கச்சேரி கச்சேரியா உக்காந்து தாளம் தப்பாத மனுஷன் சொதி ஒழுகுற கையை இலைக்கு மேல நிறுத்தி வச்சுக்கிட்டு நாலாந்தரம் தோத்துப்போய், என்ன ஆச்சரியம், லேசாச் சிரிக்கிறாரு. அப்புறம் நிமிர்ந்து நேரா என் முகத்தைப் பார்த்தாரு.

"ஏல லிங்கம்." ஒன்பது வருஷம் ஆச்சு அந்த 'ஏல'யைக் கேட்டு. "என்ன அண்ணே." "இது உக்காரச் சொல்லுத பாட்டா, எந்திக்கச் சொல்லுத பாட்டா?" ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வச்சிருக்காரு, மண்டபத்துல நான் உளறினது அத்தனையும். பொய் சொல்லிரலாம். உக்காரச் சொல்றதுன்னு சொன்னா அவருக்கு என்ன தெரியப்போகுது, யாருக்குத் தெரியப்போகுது, உறையில எழுதியிருக்கிறது என் கையெழுத்துதானே. ஆனா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற கண்ணைப் பார்த்துக்கிட்டு வரல. "எந்திரிக்கச் சொல்றதுதான் அண்ணே. தப்புப் பண்ணிட்டேன்." சிடியை மாத்திப் போட்டுட்டேன்னு மேல சொல்லத்தான் வந்தேன், அந்த ரெண்டு வார்த்தையோட நின்னுபோச்சு. அது எந்தத் தப்புன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிரம்ஸ் இன்னும் அடிச்சிக்கிட்டிருக்கு. ட்ரம்பெட் துரத்திக்கிட்டிருக்கு. வடிவு அப்பளத் தட்டோட வாசல்ல வந்து அப்படியே நின்னுட்டா. அண்ணன் குனிஞ்சு மிச்சச் சோத்தை நிதானமா, பருக்கை பருக்கையா ஒதுக்கி, பிசைஞ்சு, ஒரு வாய் வச்சு, மென்னு, முழுங்கினாரு. அவ்வளவு மெதுவா ஒரு தாடை அசைஞ்சு நான் பார்த்ததே இல்ல.

"நான் எந்திச்சேனாலே?"

"இல்ல அண்ணே."

"பெறவென்ன. வடிவு, சொதியக் கொண்டாம்மா. இவன் எல காஞ்சு கெடக்கு, பாரு, மொதல்ல இவனுக்கு ஊத்து."